ஆன்மாவுக்குச் சுகம்: தெரணியகலைத் தோட்டங்களுக்கு மேய்ப்பர் எப்போது வருவார்?

'சுகம்' என்னும் சொல்லை இந்நாட்டில் மலிவாக விற்போர் இரு சாரார். ஒரு சாரார் பேருந்து நிலையங்களில் மூட்டு வலிக்கு எண்ணெய் விற்பவர்கள். மறு சாரார் மைதானங்களில் ஒலிபெருக்கி கட்டி ஆன்மாவுக்குச் சுகம் விற்பவர்கள். முதலாமவர் மீது எனக்குப் பெரிய கோபம் எதுவும் இல்லை. எண்ணெய் பலிக்காவிட்டால் மூட்டு வலி மூட்டு வலியாகவே இருக்கும், அவ்வளவுதான். இரண்டாமவரின் சரக்குப் பலிக்காதபோது குற்றம் விற்றவர்மீது சுமத்தப்படுவதில்லை. வாங்கியவர் மீது சுமத்தப்படுகிறது. "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நோயோடு வந்தவள் நோயோடும் குற்றவுணர்வோடும் வீடு திரும்புகிறாள்.

இதைச் சொன்னவுடன் பகுத்தறிவு நண்பர்கள் கைதட்டக்கூடும். அவசரப்பட வேண்டாம். அவர்களோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. பெரிய திருச்சபைகளின் பெரியவர்களோடு அதனினும் பெரிய வழக்கு இருக்கிறது.

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாள்களுக்காக மலையகத்தில் அலைந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன். கிறிஸ்தவம் இந்த மக்களுக்குக் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த பொருள் அதன் கட்டடங்களும் அல்ல, பாடசாலைகளும் அல்ல. மேய்ப்புப் பணி என்று அவர்கள் அழைக்கும் அந்தப் பழைய தொழில்தான் அது. துயரத்தில் இருப்பவன் வீட்டுக்குச் செல்வது, அவன் அருகில் அமர்வது, அவன் பேசுவதைக் கேட்பது, கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது, மறுபடியும் செல்வது. ஆன்மாக்களைப் பராமரித்தல் என்பது குருவுக்குரிய கலை என்று ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாப்பரசர் முதலாம் கிரகோரியார் மேய்ப்பர்களுக்காக ஒரு நூல் எழுதிவைத்தார். இன்று நாம் உளவளத்துணை என்று புதுப்பெயர் சூட்டியிருக்கும் பணிக்கு மூத்த அண்ணன் இதுதான். அந்த அண்ணன்தான் எங்கள் தோட்டப் பக்கம் வருவதில்லை!

அவிசாவளையைத் தாண்டித் தெஹியோவிற்ற சந்தியில் திரும்பினால் தெரணியகலை வீதி. சீதாவாக்கை கங்கையின் பள்ளத்தாக்கு. மேலே போகப் போகச் சிவனொளிபாத மலைத்தொடரின் மேற்கு அடிவாரம். இறப்பரும் தாழ்நிலத் தேயிலையும் கலந்த பூமி. நுவரெலியாவையோ ஹட்டனையோ மனத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தோட்டங்களை எண்ணிப் பார்க்கக் கூடாது. அங்கே மலைக்கு மலை தமிழர், கடைத்தெருவில் தமிழ், தொழிற்சங்கத் தலைவர்களின் வாகனங்கள் அடிக்கடி வந்துபோகும். சப்ரகமுவ மாகாணத்தில், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில், தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கின்றன. தேர்தலில் கணக்கில் வராத தொகை. செய்தித்தாளில் மாவட்டச் செய்திப் பக்கத்தின் அடியில் நான்கு வரி.

இத்தகைய தோட்டமொன்றில், பெயர் வேண்டாம், நான் சந்தித்த ஒரு பால்வெட்டும் பெண்மணியின் கதையைச் சொல்கிறேன். மூத்த மகன் கொழும்பில் வேலைத் தலத்தில் இறந்துபோனான். ஓராண்டு கழித்தும் அவர் உறங்கவில்லை, உண்ணவில்லை, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. அரச வைத்தியசாலையில் மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்த வைத்தியர் நல்லவர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மையாருக்குத் தெரிந்த சிங்களம் கடையில் சாமான் வாங்கப் போதுமான சிங்களம். மகனை இழந்த துயரத்தைக் கடைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? ஐந்து நிமிடத்தில் சந்திப்பு முடிந்தது. பின்னர் நகரத்திலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர், மாத்திரை உட்கொள்வது கடவுளைச் சந்தேகிப்பதாகும் என்றார். அம்மையார் மாத்திரையை நிறுத்தினார். மூன்று வாரங்களில் அவரைத் தனியே விடமுடியாத நிலை வந்தது.

அவரை மறுபடியும் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றவர் ஒரு முதிய உபதேசியார். பெரிய படிப்பில்லை. ஒவ்வொரு கிழமையும் ஒரு நாள் மாலை வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தார். மகனைப் பற்றிக் கேட்டார். அவனுக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேட்டார். மாத்திரைச் சரையை வாங்கிப் பார்த்து, எத்தனை மிச்சம் என்று எண்ணினார். ஜெபிக்கட்டுமா என்று அனுமதி கேட்டுத்தான் ஜெபித்தார். வேண்டாம் என்ற நாளில் ஜெபிக்கவில்லை. கிளினிக் நாளில் பேருந்தில் கூடவே சென்று, வைத்தியருக்கு மொழிபெயர்த்தார். அம்மையார் இன்று வேலைக்குப் போகிறார். இரவில் இன்னும் விழித்துக்கொள்வதுண்டு என்று சொன்னார். அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. மைதானத்தில் சாட்சி சொல்லத்தக்க கதை அல்ல இது. ஆயினும் ஆன்மாவுக்குச் சுகம் என்று நான் அறிந்தது இதைத்தான்.

சாட்சி என்றேன். அதைப் பற்றியும் ஒரு சொல். லயத்துக் காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். கணவன் அடித்தது, மகள் கருவுற்றது, கடன்காரன் வந்தது, எல்லாம் லயம் முழுவதும் அறிந்தவை. இரகசியம் வைத்துக்கொள்ள இடமே இல்லாத மக்களுக்கு முதலில் தேவைப்படுவது இரகசியம் காக்கும் ஒரு காது. கத்தோலிக்கக் குரு பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிர் போனாலும் வெளியிடக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். எவ்வளவு பெரிய செல்வம் அது! அந்தச் செல்வத்தை மறந்துவிட்டு, ஒரு பெண்ணின் அந்தரங்கத் துயரத்தை ஒலிவாங்கியில் சொல்லவைத்து, அதைக் கூட்டத்தின் வெற்றியாகக் காட்டுவது சுகமளித்தல் ஆகுமா? மறுநாள் காலை கொழுந்து மலையில் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

இது உயிர் சம்பந்தப்பட்ட விவகாரம். 1995ஆம் ஆண்டில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. பின்னர் அது பெருமளவு வீழ்ந்தது. வீழ்த்தியது எது? போதனை அன்று, கொடிய பூச்சிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. அவற்றின் பதிவாளர்களும் நச்சியல் வைத்தியர்களும் காப்பாற்றிய உயிர்கள் பல்லாயிரம். அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அதே ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன: நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருவோரின் தொகை அதே அளவில் குறையவில்லை. இறப்புத்தான் குறைந்தது, விரக்தி குறையவில்லை. வயிறு கழுவப்பட்டு, மூன்று நாளில் துண்டு வெட்டப்பட்டு, அதே காம்பராவுக்கு, அதே கடனுக்கு, அதே கசிப்புக்குத் திரும்பி வருகிறார்கள். அவர்களோடு யார் பேசுகிறார்கள்?

ஒரு காலத்தில் பொலிஸ் பேசியது! 1998ஆம் ஆண்டு வரை தற்கொலைக்கு முயல்வது இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். திருச்சபையும் சளைத்ததல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டக்கோவை, தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் புதிய கோவையில் அந்த மறுப்பு நீக்கப்பட்டது. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூல், கடும் மனவேதனை பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அத்தகையோருக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் கூறிற்று. உரோமை மாறி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. தோட்டத்தில் இத்தகைய சாவு விழும்போது "அது நரகத்துக்குப் போன ஆத்துமா" என்று இன்றும் முணுமுணுக்கும் வேதக்காரரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு மாற்றத்தை எடுத்துச் சொல்லவேண்டிய குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை வைத்துவிட்டு அடுத்த தோட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்.

கேட்பது குணமாக்கும் என்பது வெறும் பக்திப் பேச்சு அல்ல. 1953இல் இலண்டனில் சாட் வாரா என்ற அங்கிலிக்கன் குரு, தற்கொலை எண்ணம் கொண்டோர் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்தார். இளங்குருவாக அவர் 1935இல் நடத்திய முதல் அடக்கச் சடங்கு, தன்னுயிரை மாய்த்துக்கொண்ட ஒரு சிறுமியுடையது. அந்த நினைவு அவரை விடவில்லை. ஆலயத்துக்கு வந்தவர்கள் அவரைக் காணக் காத்திருந்தபோது தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தார்கள். கொஞ்ச நாளில் ஓர் உண்மை தெரிந்தது. தொண்டரிடம் பேசிய பலருக்குக் குருவைக் காணும் தேவையே இல்லாமல் போயிற்று. அந்தக் குரு அதைக் கண்டு வருந்தவில்லை. பணியைத் தொண்டர்கள் கையில் கொடுத்தார். சமாரித்தன்ஸ் என்ற இயக்கம் அப்படித்தான் வளர்ந்தது. அதே வழியில் 1974இல் கொழும்பில் தொடங்கியதுதான் சுமித்ரயோ. அங்கே போதனை இல்லை, மதமாற்றம் இல்லை, கேட்பது மட்டுமே. அந்த இலண்டன் கோப்பையில் ஊறிய தேயிலை எந்த மலையில் கொய்யப்பட்டதோ, யாருக்குத் தெரியும்? தேயிலை இங்கிருந்து போயிருக்கலாம். கேட்கும் வழக்கம் அங்கிருந்து கொழும்புவரை வந்தது. லயத்துக்கு இன்னும் வந்துசேரவில்லை.

அமெரிக்காவில் அன்ரன் பொய்சன் என்றொரு குரு. தாமே மனநோய் வைத்தியசாலையில் அடைபட்டுக் கிடந்தவர். குணமடைந்தபின் 1925இல் வூஸ்டர் மனநல வைத்தியசாலையில் இறையியல் மாணவர்களை நோயாளிகளோடு பணியாற்ற வைத்துப் பயிற்றுவித்தார். புத்தகத்தைப் படிப்பது போலவே உயிருள்ள மனிதரையும் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் நாட்டிலும் பிலிமத்தலாவையில் 1963 முதல் இலங்கை இறையியல் கல்லூரி நடைபெறுகிறது. பல சபைகளின் குருமாணவர்கள் சிங்களத்திலும் தமிழிலும் அங்கே ஒன்றாகப் பயில்கிறார்கள். ஆள் இல்லை, படிப்பு இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை. ஆளை எங்கே அனுப்புவது என்பதில்தான் கோளாறு.

இனி, பகுத்தறிவு நண்பர்களின் வழக்குக்கு வருகிறேன். "ஆன்மாவாவது ஒன்றாவது! சம்பளத்தைக் கூட்டு, வீட்டைக் கட்டு, எல்லாம் சரியாகும்" என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டவே 2021 வரை போராட வேண்டியிருந்தது. அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது 2024இல். கடனில் மூழ்கிய குடும்பத்திடம் போய் "கவலைப்படாதே" என்று மட்டும் சொல்லும் மேய்ப்பன் கேலிக்குரியவன். ஆயினும் பாதி உண்மை முழு உண்மை ஆகாது. மகனை இழந்த தாயின் துயரத்தைச் சம்பள உயர்வு தீர்க்குமா? அவளும் நாளைக்குச் சம்பளம் வாங்குவாள். வாங்கி யாருக்குச் சமைப்பாள்? ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு, மனம் பணக்காரருக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவதும் ஒருவகைத் துரைத்தனம்தான்.

மறுபுறத்தில், ஆன்மாவை மட்டும் கவனித்து வயிற்றை மறந்த மேய்ப்புப் பணி எப்படியிருக்கும் என்பதற்கும் நம் வரலாற்றில் சான்று உண்டு. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனைப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்து, கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களில் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். நோயும் சாவும் மலிந்த அக்காலத்தில், தமிழ் பேசி, தமிழில் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, படுக்கையருகே உட்கார்ந்த அந்த மனிதர்களை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்களின் செலவில் கணிசமான பங்கைத் தோட்டத்துரைமாரின் சந்தா சுமந்தது. துரையின் பணத்தில் வரும் உபதேசியார் துரையைப் பற்றி என்ன பேச முடியும்? பொறுமையைப் போதிக்கலாம், கங்காணியின் கடன் கணக்கைத் தட்டிக்கேட்க முடியாது. காயத்துக்கு மருந்து போடலாம். காயப்படுத்துகிறவன் கையைப் பிடிக்க முடியாது.

அந்தக் கையைப் பிடிக்க முயன்ற மேய்ப்பர்களும் இந்நாட்டில் இருந்தார்கள். கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் புதிதாக உருவான வறிய பதுளை மறைமாவட்டத்தை ஏற்றுச் சென்றார். அதே ஆண்டில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கினார். 2017இல் மறையும்வரை தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்தார். அவர் தமிழரும் அல்லர். கேகாலை மாவட்டத்தையும் உள்ளடக்கிய குருநாகல் அங்கிலிக்கன் மறைமாவட்டத்தின் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983 ஜூலை வன்செயலின்போது சிகிச்சைக்காக வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்து அகதிகளைக் கண்டார். சிங்கள மக்கள் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவ்வாண்டு அக்டோபரில் காலமானார். ஒரு சமூகத்தின் ஆன்மாவுக்குச் சுகம் தேடிய மேய்ப்பன் என்று நான் யாரையாவது சொல்வதானால் அவரைச் சொல்வேன்.

இன்னொரு கூட்டத்தார் உண்டு. திருச்சபை செய்வதெல்லாம் மதமாற்றத் தூண்டில் என்பார்கள். 2004இல் ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் கூறியது, அது சட்டமாகவில்லை. நல்லதே. ஆனால் சட்டம் தடுக்காததை எல்லாம் மனச்சாட்சி அனுமதித்துவிடாது. சுகத்தைக் காட்டி ஆள் சேர்ப்பவர்களுக்கு அவர்களுடைய வேதத்திலிருந்தே ஒரு கதையை நினைவூட்டுகிறேன். நல்ல சமாரியன் கதை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஒரு குருவும் ஒரு லேவியனும் விலகிப் போனார்கள். அந்நியனான சமாரியன் நின்றான். காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், சத்திரக்காரனுக்குக் காசு கொடுத்தான், திரும்பி வருவேன் என்றான். காயம்பட்டவன் சமாரிய மதத்தில் சேர்ந்தான் என்று அந்தக் கதையில் எங்கே இருக்கிறது? அவனிடம் சமாரியன் ஒரு கேள்விகூடக் கேட்டதாக இல்லையே! அந்தக் கதையில் முதலுதவி இருக்கிறது, வைத்தியசாலைக்கு அனுப்புதல் இருக்கிறது, செலவுக்குப் பணம் இருக்கிறது, மறுவருகை இருக்கிறது. ஒலிபெருக்கி மட்டும் இல்லை.

தெரணியகலைப் பகுதிக்கு இப்போது எதற்கு மேய்ப்பர் என்று கேட்பவர்கள் சப்ரகமுவவின் அண்மைக்கால வரலாற்றைப் புரட்டட்டும். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தமிழர் தாக்கப்பட்டார்கள். தோட்டத்தைவிட்டு ஓடியோர் பலர். 2013 ஜூலையில் தெரணியகலை நூரித் தோட்டத்தின் அத்தியட்சகர் கொல்லப்பட்டார். அக்கொலைக்காகப் பிரதேச சபையின் அன்றைய தலைவர் உட்படப் பலருக்குப் பின்னர் மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2016 மே மாதத்தில் புளத்கொஹுபிட்டிய களுப்பானைத் தோட்டத்தில் மண் சரிந்து லயம் புதையுண்டது. அதே நாளில் அரநாயக்கவில் மலையே இறங்கி வந்தது. 2025 நவம்பரின் இறுதியில் டித்வா புயல் மலைநாடெங்கும் மண்ணைச் சரித்தது. ஒவ்வொரு தடவையும் நிருபர்கள் போனோம், உலர் உணவுப் பொதிகள் போயின, அரசியல்வாதிகள் போனார்கள். பொதி தீர்ந்ததும் எல்லோரும் திரும்பினோம். மழை பெய்யும் இரவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அதற்குப்பின் யார் இருக்கிறார்கள்? மாரியம்மன் கோயில் பூசாரியும், ரோதைமுனிக்கு விளக்கேற்றும் பெரியவரும் தம்மாலான ஆறுதலைச் சொல்கிறார்கள். அவர்களைக் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் இதற்கெனப் பயிற்சி பெற்று, இதற்கெனத் தம்மை நேர்ந்துகொண்ட ஒரு வகுப்பார் இருக்கும்போது அவர்கள் எங்கே என்று கேட்பது நியாயமே.

1995இல் இரத்தினபுரி மறைமாவட்டம் அமைக்கப்பட்டு, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அதன் கீழ் வந்தன. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளுக்கும் இப்பகுதியில் நெடுங்கால வேர் உண்டு. எல்லோரிடமும் நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. தோட்டத்துக்கு வரும் குரு தமிழில் கேட்கவும் பேசவும் தெரிந்தவராக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அன்றி வார நாளின் மாலையிலும் வரட்டும். தோட்டத்துக்கு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தெரிந்தெடுத்து, கேட்கவும் இரகசியம் காக்கவும் ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுகொள்ளவும் பயிற்றுவிக்கட்டும். பெண்களின் துயரத்தை ஆண்களிடம் மட்டுமே சொல்லவேண்டும் என்ற நிலை ஒழியட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எவரும் மேய்ப்பர் அல்லர் என்று பிரசங்க பீடத்திலிருந்தே அறிவிக்கட்டும். மனநலத்துக்கான தேசிய உதவித் தொலைபேசி இலக்கம் 1926ஐ ஒவ்வொரு வேதக்கோயில் கதவிலும் தமிழில் எழுதி ஒட்டட்டும். ஆபத்தில் இருப்பவரைக் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்லப் பேருந்துக் காசு ஒதுக்கட்டும். உதவி பெறுபவரின் மதத்தைக் கேளாதிருக்கட்டும்.

இவற்றுக்குக் கோடிகள் வேண்டியதில்லை. ஒரு குணமளிக்கும் பெருவிழாவுக்கு மேடையும் ஒளியும் ஒலியும் ஏற்பாடு செய்யும் செலவு, ஒரு பள்ளத்தாக்கின் உபதேசியார்களுக்கு எத்தனை மாதப் பேருந்துக் காசாகும் என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் "குருக்கள் போதவில்லை" என்று பதில் சொல்வார்கள். தெரியும். நகரத்துப் பெரிய பங்குகளில் எத்தனை பேர், சப்ரகமுவத் தோட்டங்களில் எத்தனை பேர் என்ற பட்டியலை வெளியிட்டுவிட்டு அந்தப் பதிலைச் சொல்லட்டும். நான் அச்சிடுவிக்கக் காத்திருக்கிறேன்.